வெள்ளை டிக்கின் வால்

ரிட்டையர் ஆனதிலிருந்து என் கனவுகளில் மனிதர்கள் அதிகம் வருவதில்லை. பிரேக் டிஸ்க்குகள்தான் வருகின்றன. சாப்பாட்டுத் தட்டு அளவில் ஆரம்பித்து, வளர்ந்து வளர்ந்து, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி பிளாக்குகளுக்கு மேலே நிலா மாதிரி ஒரு டிஸ்க் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் கீழே நின்று அதன் தடிமனை அளக்க மைக்ரோமீட்டரைத் தேடுவேன். பாக்கெட்டில் பஸ் கார்டுதான் இருக்கும்.

"தூக்கத்துல 'அமுக்கு, பிடி, விடு'ன்னு புலம்புறீங்க. யாரைப் போட்டு அமுக்குறீங்க?" என்று மனைவி கேட்கிறாள். பிரேக்கில் காற்று எடுக்கும்போது சொல்வது அது என்று விளக்கினேன். அவள் முகத்தைப் பார்த்தால் முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை.

முப்பத்து நான்கு வருடம் எனக்கு வேலை, கனமான, வேகமான கார்களை நிற்க வைப்பது. ஓட வைப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கென்று கார் இருந்ததில்லை. ஒரு சைக்கிள் இருக்கிறது. அதன் பிரேக் கத்துகிற கத்தலில், மாணிக்கம் கீழே வந்துவிட்டான் என்று ஒன்பதாம் மாடிக்குத் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யச் சொல்லி மனைவி கேட்டு ஏழு வருடம் ஆகிறது. செய்யலாம், என்ன அவசரம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் பழைய ஒர்க்‌ஷாப்பின் வாட்ஸ்அப் குரூப். போன வாரம் அங்கே ஒருவர் கேட்டார்: "மாணிக்கம் அண்ணே, ரெண்டரை டன் எலக்ட்ரிக் கார் ஒண்ணு வந்திருக்கு. சும்மா பறக்குது. எந்த டிஸ்க் போடலாம்? சாதாவா, ஓட்டையா, கீறலா? ரெண்டு வரியில சொல்லுங்க லா."

ரெண்டு வரியில் நான் சம்பள ரசீதில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

சாதா டிஸ்க் நல்ல புருஷன் மாதிரி. பார்க்க ஒன்றுமில்லை, பேசாது, சொன்ன இடத்தில் நிறுத்தும். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது போதும். எடை கூடி, வேகமும் கூடி, அடுத்தடுத்து மிதித்தால்தான் திணறும்.

ஓட்டை போட்ட டிஸ்க் இடியாப்ப அச்சு மாதிரி இருக்கும். கொள்ளை அழகு. மழையில் முதல் மிதிக்கே பிடிக்கும், எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் ரேஸ் டிராக்கில் கொண்டுபோய்ச் சுடச்சுட மிதித்தீர்களென்றால் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் மயிரிழை மாதிரி வெடிப்பு கிளம்பும். ஒரு வெடிப்பு பக்கத்து ஓட்டையைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது.

கீறல் போட்ட டிஸ்க்தான் கனமான வண்டிக்கு நான் கைகாட்டுவது. டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைக்கும். அந்தச் சுரண்டலில் பேட் சீக்கிரம் தேயும். மிதிக்கும்போது ஒரு ரீங்காரம் வரும். சில பேர் அதைக் கோளாறு என்று நினைத்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். எனக்கு அது தாலாட்டு.

ரெண்டு துண்டு டிஸ்க்கில் தேயும் வளையம் இரும்பு, நடுத்தொப்பி அலுமினியம். சூடு ஏறினால் வளையம் விரிந்துகொள்ள இடம் இருக்கும், தொப்பி அலட்டிக்கொள்ளாது. கடைசியாக கார்பன் செராமிக். இறகு மாதிரி இருக்கும், துருப்பிடிக்காது, எவ்வளவு சூட்டையும் தாங்கும். ஆனால் சக்கரத்தைக் கழற்றும்போது லேசாக இடித்தாலே ஓரம் சில்லாகப் பெயரும். அதன் பக்கத்தில் வேலை செய்யும்போது மூச்சைக்கூட ஒரு பக்கமாகத் திரும்பித்தான் விடுவேன்.

எலக்ட்ரிக் காரில் பாதி நிறுத்தத்தை மோட்டாரே பார்த்துக்கொள்கிறது. டிஸ்க் வேலையில்லாமல் உட்கார்ந்து துருப்பிடிக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு யார் ஞாபகம் வருகிறது என்று சொல்லத் தேவையில்லை.

ஆக, கீறல் போட்ட ரெண்டு துண்டு டிஸ்க் போடுங்கள். போட்ட பிறகு இன்னொரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ரெண்டு வரி முடிந்தது. அந்த ரெண்டாவது வரி எனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் மீதிக் கதை.

தொழில் கற்றுக்கொண்டதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருடம் பிரேக் தூசியைச் சுவாசித்தேன், ஆறாவது வருடம் ஆள் என்றார்கள். எனக்கு ஐம்பது வயது ஆனபோது ஒர்க்‌ஷாப்புக்குப் புதுத் தலைவி வந்தார். பெயர் சுபத்ரா. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். பாலிடெக்னிக்கில் படித்து, ரேஸ் கார்களோடு பல வருடம் சுற்றியவர். பூட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். சாதாரணமாக எங்களைப் போலத்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் யாழ்ப்பாணத் தமிழ் வெளியே வரும். குரல் உயராது, இன்னும் இறங்கும். அந்தத் தமிழ் கேட்டால் நாங்கள் எல்லாரும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுவோம்.

நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். ரெண்டு பேரும் மரியாதையில் ஒருவரை ஒருவர் ஜெயிக்கப் பார்த்தோம்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. டிஸ்க் மாட்டியவர், சக்கரத்தை மாட்டுவதற்கு முன், நடுத்தொப்பியில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு டிக் போட வேண்டும். பிறகு விலகிப் போய்விட வேண்டும், பக்கத்தில் நின்று கதை சொல்லக்கூடாது. அப்புறம் மேடம் வந்து, தானே முதலிலிருந்து பார்த்து, வெள்ளை டிக் போடுவார். மஞ்சளும் வெள்ளையும் இல்லாமல் சக்கரம் ஏறாது.

அவர் பார்க்கும் விதத்தை நான் ஒளிந்து நின்று ரசித்திருக்கிறேன். முதலில் டயல் கேஜை வைத்து டிஸ்க்கைக் கையால் ஒரு சுற்று சுற்றுவார். ஊசி எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார். அப்புறம் டார்ச்சை எடுத்து, டிஸ்க்கின் விளிம்பு வழியாக உள்ளே அடிப்பார். கனமான கார்களின் டிஸ்க் ரெண்டு தட்டுகளைச் சேர்த்த மாதிரி இருக்கும். நடுவே வளைந்த சிறு தகடுகள். சக்கரம் சுற்றும்போது அந்தத் தகடுகள் மையத்திலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். டிஸ்க் குளிர்வதே அதனால்தான். அந்தத் தகடுகள் உள்ளேயிருந்து வெளியே வரும்போது, டிஸ்க்கின் மேல்பக்கத்தில் பார்த்தால், வண்டியின் பின்புறம் நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இடது டிஸ்க்கை வலதில் மாட்டினால் சாய்வு தலைகீழாகும். வண்டி ஓடும், நிற்கும், ஒன்றும் தெரியாது. காற்று மட்டும் குறைவாகப் போகும்.

எல்லாம் பார்த்த பிறகு வெள்ளை டிக். அவருடைய டிக்குக்கு ஒரு நீண்ட வால் உண்டு. தொப்பியின் ஓரத்தில் ஆரம்பித்து, வளைந்து, போய்க்கொண்டே இருக்கும். அது அவருடைய ஸ்டைல் என்று நினைத்தேன். என் மஞ்சள் டிக் கொசு மாதிரி இருக்கும்.

வெளியே தெரியும் கீறலைப் பார்த்து இடது வலது முடிவு செய்யக்கூடாது, உள்ளே இருக்கும் தகட்டைத்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் கீறலை ஒவ்வொரு பக்கம் சாய்க்கும். இதை நான் ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடத் தைப்பூசத்தன்று மேடம் பால்குடம் எடுக்க லீவு. அன்று வெள்ளிக்கிழமை. காலையிலேயே வாசு சார் வந்தார். வக்கீல். எங்கள் பழைய வாடிக்கையாளர். அவர் கார் நான்கு கதவு வைத்த யானை. ரெண்டு டன்னுக்கு மேல் எடை, அதற்குள் ஒரு ரேஸ் எஞ்சின். புது டிஸ்க் நான்கு நாள் முன்பே வந்து காத்திருந்தது. கீறல் போட்டது, ரெண்டு துண்டு, ரொம்ப அழகு.

"அண்ணே, பதினொரு மணிக்குக் கிளம்பணும். மலேசியாவுக்கு, கெந்திங் மலைக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை இறங்கிடுவோம். பிள்ளைங்க பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டு உக்காந்திருக்கு."

முன்சக்கரம் ரெண்டும்தான் வேலை. டிஸ்க்குகளைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பெட்டியைத் தூரப் போட்டேன். எது இடது, எது வலது என்று பெட்டியில் எழுதியிருக்கும். எனக்கா பெட்டி. ரெண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கீறல்கள் காற்றில் பறக்கும் கூந்தல் மாதிரி வளைந்து போயின. எந்தப் பக்கம் வைத்தால் அந்தக் கூந்தல் பின்னால் பறக்கிறதோ அந்தப் பக்கம் மாட்டினேன். உண்மையிலேயே அதைப் பார்த்து அப்படியே கொஞ்ச நேரம் சொக்கிப் போய் நின்றேன். மஞ்சள் டிக் போட்டேன்.

வெள்ளை டிக் போட ஆள் இல்லை. மேடம் போன் அணைத்திருந்தது. பால்குடத்தோடு போனையும் யாராவது தூக்குவார்களா. வாசு சார் மணி பார்த்தார். மேடத்தின் மேசையில் வெள்ளைப் பேனா இருந்தது. இரும்பு மேசை, அதன்மேல் பேனா தனியாக, என்னையே பார்த்துக்கொண்டு.

எடுத்தேன். அவர் மாதிரியே நீண்ட வால் வைத்துப் போட்டேன். இடது ஒன்று, வலது ஒன்று. கைவண்ணம் நன்றாக வந்தது என்று ஒரு சின்னப் பெருமையும் பட்டேன். என்னைப் பற்றி நான் சொல்லக்கூடியதிலேயே மோசமானது அதுதான்.

சக்கரத்தை மாட்டி, லிம் சூ காங் சாலைக்கு ஓட்டிப்போய்ப் பேடையும் டிஸ்க்கையும் பழக்கினேன். எழுபது கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு, பத்து தடவை, முழுசாக நிறுத்தாமல். ரெண்டு பக்கமும் மரங்கள், காலை வெயில், ரீங்காரம். எல்லாம் தேன் மாதிரி இருந்தது. தட்டையான தீவு, மலை இறக்கம் இல்லை, எதுவும் தெரியாது. வண்டியைக் கொடுத்தேன். வாசு சார் போய்விட்டார்.

மத்தியானம் லிட்டில் இந்தியாவில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தேன். தைப்பூசக் கூட்டம் தெருவெல்லாம். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர். சுவரோரம் ஒரு பெரிய ஃபேன் ராட்சசன் மாதிரி சத்தம் போட்டது, காற்று வரவில்லை.

"நேத்துத்தான் லா புது பிளேடு மாட்டினேன்," என்றார் அவர், சாம்பார் ஊற்றிக்கொண்டே. "சத்தம் மட்டும் வருது. என் மச்சான் மாதிரி."

பார்த்தேன். பிளேடின் வளைவு எதிர்ப்பக்கம் இருந்தது. "திருப்பி மாட்டியிருக்கீங்க," என்று சிரித்தேன். "காத்துக்கு முகத்தைக் காட்டாம முதுகைக் காட்டுது. கண்ணு இல்லையா உங்களுக்கு? மாட்டும்போது பாக்க வேண்டாமா—"

அங்கே நின்றது என் சிரிப்பு. வாயில் சோறு இருந்தது.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "காரமா?"

காலையில் நான் பார்த்தது கீறலை. தகட்டைப் பார்த்த ஞாபகத்தைத் தேடினேன். டார்ச்சை எடுத்த ஞாபகத்தைத் தேடினேன். இல்லை. போனில் அந்தக் கம்பெனியின் படத்தைத் திறந்தேன். அவர்கள் கீறல் சாய்வது தகட்டுக்கு எதிர்ப்பக்கம். இடமும் வலமும் மாறி மாட்டியிருக்கிறேன்.

கை கழுவாமலே வாசு சாரைக் கூப்பிட்டேன். நடுவழியில் இருந்தார். பின்னால் பிள்ளைகள் பாட்டு.

"பிரேக் சூப்பர் அண்ணே. வெண்ணெய் மாதிரி நிக்குது."

சொல்ல வாயைத் திறந்தேன். "சந்தோஷம் சார்," என்றேன். "இறங்கும்போது மட்டும் லோ கியர்ல வாங்க. புது டிஸ்க் இல்லையா."

"ரைட் அண்ணே," என்று வைத்துவிட்டார்.

சொல்லிவிட்டேன் என்று மனதுக்குச் சொன்னேன். மனது ஒப்புக்கொள்ளவில்லை. ஏறும்போது கவலை இல்லை, பிரேக்குக்கு வேலை இல்லை. இறங்கும்போது அந்த யானை முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு வளைவிலும் அந்த ரெண்டு டிஸ்க்கின் மேல் உட்காரும். உள்ளே நான்கு பேர்.

மேடம் டேங்க் ரோடு கோயிலில் இருப்பார். லிட்டில் இந்தியாவிலிருந்து கோயிலுக்குப் பக்கத்து ஸ்டேஷனான டோபி காட், ரயிலில் ஒரே ஒரு ஸ்டாப். அந்த ஒரு ஸ்டாப்புக்குள் மூன்று பொய் தயார் செய்தேன். பெட்டியில் மாற்றி எழுதியிருந்தார்கள் என்பது முதல் பொய். மற்ற ரெண்டும் அதைவிட மட்டம்.

கோயில் வாசலில் உறுமி, மயிலிறகு, விபூதி வாசனை, வெயில். எல்லாம் கண்ணுக்கு முன்னால் மிதந்தன. காவடிகள் ஒவ்வொன்றாகச் சுழன்று உள்ளே போயின. எனக்கு அவை எல்லாமே டிஸ்க்காகத் தெரிந்தன. மேடம் பால்குடம் இறக்கி முடித்து, மஞ்சள் புடவையில், குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, நீங்களா? சாமி கும்பிட வந்தீங்களா?"

மூன்று பொய்யும் மறந்து போயின.

"மேடம், வாசு சார் வண்டியில இடது வலது மாத்திப் போட்டுட்டேன்."

அவர் சிரிப்பு போகவில்லை, அப்படியே நின்றது. "நான் பாக்கலையே. வெள்ளை டிக்?"

"நான்தான் போட்டேன்."

"உங்க டிக்கா?"

"உங்க டிக்."

குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. உறுமி மட்டும் கேட்டது.

"என்ன செய்தனீங்கள் அண்ணே," என்றார், மிகவும் மெதுவாக. பிறகு, "அவை எப்ப இறங்கீனம்?"

யாழ்ப்பாணம். என் கையில் ஒன்றுமில்லை, இருந்தும் எதையோ கீழே வைத்தேன்.

"ஞாயித்துக்கிழமை மேடம்."

அங்கேயே நின்று ரெண்டு பேர் போனிலிருந்தும் கூப்பிட்டோம். ஓட்டும்போது அவர் எடுக்கவில்லை, சாயங்காலம் மலைக்குள் போன பிறகு லைனே கிடைக்கவில்லை. நாங்கள் வரும்வரை வண்டியை இறக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினோம். அவர் பார்க்கவில்லை. ஓட்டலுக்குப் போன் போட்டுச் சொல்லி வைத்தோம். விடியலில் கிளம்பலாம் என்றார் மேடம். வெறுங்காலோடு நடந்து போனார்.

சனிக்கிழமை அவருடைய குட்டிக் காரில் போனோம். பின்சீட்டில் ஜாக்கி, நட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்ச், ரெண்டு பாட்டில் பிரேக் ஆயில், டயல் கேஜ். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குள் நுழைந்தோம். வழி நெடுக எண்ணெய்ப் பனை வரிசைகள் சுற்றிச் சுற்றி வந்தன. நான் இரண்டு தடவை ஜோக் சொல்லப் பார்த்தேன். முதல் தடவை அவர் வைப்பரைப் போட்டார். மழை இல்லை.

மலையடிவாரத்தை நெருங்கும்போது வாசு சார் போன் செய்தார்.

"அண்ணே, செய்தி இப்பத்தான் பாத்தேன். ஓட்டல்லயும் யாரும் ஒண்ணும் சொல்லலை. வீட்டுக்காரி நாசி லெமாக் வேணும்னு சொன்னா, பாதி மலைக்கு இறங்கி வந்து வாங்கினோம். ஏதோ கருகுன வாடை. பெடல் கொஞ்சம் உள்ள போகுது. ஓரமா நிறுத்திட்டேன்."

"தொடாதீங்க சார். தண்ணி ஊத்தாதீங்க. இருபது நிமிஷத்துல வந்துடுறோம்."

"எங்க இருந்து வர்றீங்க? சிங்கப்பூர்லயிருந்தா?" என்றார், ஒன்றும் புரியாமல்.

சாலையோரத்தில் ஒரு அகலமான இடம். பனி இறங்கி, மரங்கள் பாதி இருந்தன, பாதி இல்லை. வாசு சார், அவர் மனைவி, ரெண்டு பெண்கள் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யானையின் முன்சக்கரங்களிலிருந்து சூடு அலையடித்தது. குனிந்து பார்த்தேன். டிஸ்க் ஓரத்தில் நீலம் பூத்திருந்தது, மயில் கழுத்து மாதிரி.

வாசு சார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க போன் பண்ணி லோ கியர்னு சொன்னீங்க பாருங்க. அதனாலதான் மெதுவா வந்தேன். ரெண்டு வளைவு மறந்துட்டேன், அதுக்கே இப்படி. நீங்க மட்டும் சொல்லலைன்னா..." பெண்களைத் திரும்பிப் பார்த்தார். "தேங்ஸ் அண்ணே. இவ்வளவு தூரம் வேற வந்திருக்கீங்க."

அவர் மனைவியும் எழுந்து வந்து கும்பிட்டார். நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

மேடம் தன் காரின் பின்கதவைத் திறந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. எனக்காகப் பேசவும் இல்லை.

பனி ரொம்ப மெத்தென்று இருந்தது. அதற்குள் அப்படியே நின்று, நன்றியை வாங்கிக்கொண்டு, பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு, சும்மா இருந்துவிடலாம் போலிருந்தது. நான் ஜோக் சொல்லிப் பிழைக்கிற ஆள். அன்று ஒரு ஜோக்கும் வாயில் வரவில்லை.

"சார், தப்பு என்னோடது," என்றேன். "டிஸ்க்கை இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன். காத்து சரியாப் போகலை. அதான் இந்தச் சூடு. நேத்து உங்ககிட்ட போன்லயே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மேடம் பார்த்து ஓகே பண்ணணும், அவங்க லீவு. அவங்க அடையாளத்தை நானே போட்டு அனுப்பிட்டேன்."

வாசு சார் கையை விட்டார்.

கொஞ்ச நேரம் பெண்களைப் பார்த்தார். பிறகு சாலையின் வளைவைப் பார்த்தார். அந்த வளைவுக்கு அப்புறம் பனிதான், வேறொன்றும் தெரியவில்லை.

"அடுத்தவங்க அடையாளத்தைப் போடுறதுக்கு எங்க கோர்ட்டுல ஒரு பேரு இருக்கு அண்ணே," என்றார் கடைசியில்.

"தெரியும் சார்."

"சரி பண்ணுங்க," என்றார். பொட்டலத்தைத் திருப்பி நீட்டினேன், அவர் மனைவி வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது.

சூடான டிஸ்க்கை அவசரப்பட்டுத் தொடக்கூடாது. தானாக ஆற வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். நானும் மேடமும் சுவரில் ஓரமாக உட்கார்ந்தோம். பனி எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தது. டிஸ்க் ஆறும்போது டிங், டிங் என்று சின்னதாகச் சத்தம் வரும். தூரத்தில் எங்கோ கோயில் மணி அடிப்பது போல.

"என் டிக்கை எப்படிப் போட்டீங்க?" என்றார் மேடம் திடீரென்று. சிங்கப்பூர்த் தமிழ் திரும்பியிருந்தது.

"வால் நீளமா வச்சு."

"வால் எதுக்குன்னு தெரியுமா?"

"ஸ்டைலுன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. விரலால் காற்றில் மெதுவாக ஒரு டிக் போட்டுக் காட்டினார். விரல் போய்க்கொண்டே இருந்தது. அவர் கண் விரலைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த யானையின் சக்கரத்தை மேலேயிருந்து சுற்றி, ஒவ்வொரு நட்டாக, முழு வட்டம் வந்து நின்றது. விரலும் அப்போதுதான் நின்றது.

"பேனா ஓடி முடியுறதுக்குள்ள இன்னொரு தடவை சுத்திப் பாத்துடுவேன். அதுக்குத்தான் அவ்வளவு நீளம்."

வாலை மட்டும் அச்சு அசலாக வரைந்தவன் நான்.

ஆறியதும் வேலையில் இறங்கினோம். ஜாக்கி ஏற்றி, சக்கரம் கழற்றி, பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை அவிழ்த்துக் கம்பியில் தொங்கவிட்டு, டிஸ்க்கை உருவினேன். ரெண்டையும் பக்கம் மாற்றினோம். மைக்ரோமீட்டரால் எட்டு இடத்தில் தடிமன் அளந்தார், டயல் கேஜில் ஆட்டம் பார்த்தார். வெடிப்பு இல்லை. பேடைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். பெடல் உள்ளே போனதற்குக் காரணம் ஆயில் கொதித்துக் குமிழி வந்தது. அதை எடுக்க ரெண்டு பேர் வேண்டும், ஒருவரால் முடியாது. மேடம் பெடலில், நான் சக்கரத்தடியில்.

"அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"பிடிங்க." குமிழி குமிழியாக ஆயில் வந்தது. "விடுங்க."

நான்கு சக்கரத்துக்கும் அதே மூன்று வார்த்தை. காலையிலிருந்து நாங்கள் பேசியதில் அதுதான் அதிகம்.

கடைசியில் ஒரு துணியில் தின்னரை நனைத்து என்னிடம் நீட்டினார். "நீங்க போட்டதை நீங்களே அழிங்க."

அழித்தேன். முழுக்கப் போகவில்லை, அலுமினியத்தில் சாம்பல் கறையாகத் தங்கிவிட்டது. என் மஞ்சள் டிக்கையும் அழித்து, டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். விலகிப் போய் நின்றேன். அவர் குனிந்தார். டார்ச் வெளிச்சம் பனியில் ஒரு தூண் மாதிரி நின்றது. வெகுநேரம் ஆயிற்று. பிறகு வெள்ளைப் பேனா மெதுவாக ஓடியது.

வாசு சாரின் பெரிய மகள் எட்டிப் பார்த்தாள். "இந்தக் கீறலெல்லாம் முன்ன சாஞ்சிருந்த மாதிரிதான் அங்கிள் அழகு."

"எனக்கும் அப்படித்தான்மா தோணுச்சு," என்றேன். வாசு சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரிப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பிரேக் மாட்டியவன்தான் முதலில் ஓட்ட வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம். குடும்பத்தை மேடம் காரில் வாசு சார் ஓட்டிவர, யானையை நான் இறக்கினேன். மேடம் பக்கத்தில். அவர் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டதை இன்றுவரை மறக்கவில்லை. பின்னால் வரும் காரில் ஏறிக்கொண்டிருக்கலாம். வளைவுக்கு வளைவு பனி திறந்து மூடியது. மிதிக்கும்போது ரீங்காரம், விட்டால் மௌனம். ஒரு மணி நேரமா, ஒரு நிமிடமா, எனக்குத் தெரியவில்லை. அடிவாரத்தில் நிறுத்தி, வெப்பமானியை வைத்தோம். இடமும் வலமும் ஒரே சூடு, முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் மாதிரி சாதுவாக இருந்தன.

வாசு சார் அதற்கப்புறமும் எங்களிடம்தான் வந்தார். வேலை முடிந்ததும் சக்கரத்துக்குள் குனிந்து ரெண்டு நிறத்தையும் பார்த்த பிறகுதான் சாவியை வாங்குவார்.

நான் ரிட்டையர் ஆன அன்று ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். தேய்ந்து போன ஒரு டிஸ்க்கின் நடுவே கடிகாரம் பொருத்தியது. எந்த டிஸ்க் என்று தொப்பியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எடுத்து வைத்திருந்தது மேடம்தான். ஒரு கொசு மஞ்சள், ஒரு சாம்பல் கறை, ஒரு நீள வெள்ளை. ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கறையைக் காட்டிக் கேட்டால் மனைவி பதில் சொல்லிவிடுகிறாள்: "அது இவரு செஞ்ச தப்பு. மத்த ரெண்டும் டிசைன்."

வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைக்கிறேன். துணி வெள்ளைக் கோட்டின் மேல் வந்ததும் கை தானாக மெதுவாகிறது. கோட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை துணி நகர்வதற்குள், கண் டிஸ்க்கின் விளிம்பு வழியாக உள்ளே போய், ஒவ்வொரு தகடாகப் பார்த்துக்கொண்டு, முழு வட்டமும் சுற்றி வந்துவிடுகிறது. அந்த வாலின் நீளம் அதற்குச் சரியாக இருக்கிறது.